கந்தல் கட்டிய கதை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குப் படைச் சிப்பாயை உலகம் ஒரே தோற்றத்தில்தான் நினைவில் வைத்திருக்கிறது. வெறுங்கால், முழங்காலில் கிழிந்த கால்சட்டை, விளிம்பு நைந்த தொப்பி. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகச் சுருட்டிக் கட்டிய ஒரு போர்வைதான் அவன் மொத்தச் சொத்து. எதிரே நிற்கும் வடக்குச் சிப்பாய்க்கோ கருநீலச் சட்டை, வானநீலக் கால்சட்டை, பளபளக்கும் பித்தளைக் கொக்கி, முதுகில் நிறைந்த மூட்டை. 1865-க்குப் பிறகு வந்த நினைவுக் குறிப்புகளும் ஓவியங்களும் திரைப்படங்களும் இந்த இரண்டு உருவங்களையே திரும்பத் திரும்ப வரைந்தன. இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கந்தலை நேரில் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் சில மாதங்களுக்கும் சில போர்முனைகளுக்கும் பொருந்துகிற ஒன்றை நான்கு ஆண்டுக்கும் எல்லாப் படைக்குமாக விரித்துப் போர்த்திவிட்டார்கள் என்பது என் வாதம். கிடங்குகளின் வழங்கல் கணக்கையும் அன்றைய புகைப்படங்களையும் அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருக்கும் சட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால், தெற்கு தன் படைக்குத் துணி கொடுக்கக் கற்றுக்கொண்டது தெரிகிறது. கந்தல்தான் அந்தப் படையின் அடையாளம் என்ற எண்ணம், போர் முடிந்த பிறகு தேவைப்பட்டு வளர்க்கப்பட்டது.

போர் தொடங்கிய 1861-இல் சீருடை என்று சொல்லத்தக்க ஒன்று இரு தரப்பிலுமே இல்லை. அமெரிக்காவின் நிரந்தரப் படை அப்போது சுமார் 16,000 பேர்தான். அவர்களுக்கான உடையைப் பிலடெல்பியாவின் ஸ்கூல்கில் கிடங்கில் துண்டு துண்டாக வெட்டி, ஊர்ப் பெண்களிடம் கொடுத்து, வீட்டில் தைத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்ததும் கிடங்கு திணறியது. மாநிலங்களும் ஊர்களும் தங்களுக்குப் பிடித்த உடையில் படைப்பிரிவுகளை அனுப்பிவைத்தன. அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த ஜுவாவ் படையைப் பார்த்து, தொளதொளத்த சிவப்புக் கால்சட்டையும் குஞ்சம் வைத்த குல்லாயுமாகச் சில பிரிவுகள் வந்தன. வடக்கின் விஸ்கான்சின் பிரிவு ஒன்று சாம்பல் நிறத்தில் வந்தது. தெற்கின் வர்ஜீனியா 33-ஆம் பிரிவு நீலத்தில் வந்தது. விளைவு 1861 ஜூலை 21 அன்று, புல் ரன் போரில் தெரிந்தது. வடக்கின் பீரங்கி அதிகாரி கிரிஃபின், தன்னை நோக்கி வரும் நீலச்சட்டைக்காரர்களைச் சுடத் தயாரானார். அவர்கள் நமக்குத் துணையாக வருகிற நம் ஆட்கள் என்று மேலதிகாரி பேரி தடுத்தார். வந்தது வர்ஜீனியா 33. கிட்டத்தில் வந்து சுட்டார்கள், பீரங்கிகள் பறிபோயின. சாம்பல் உடுத்திய வடக்குச் சிப்பாய்கள் மீது அவர்கள் ஆட்களே சுட்டதும் அதே நாள்தான். இரண்டு மாதம் கழித்து, இனி யாரையும் சாம்பல் நிறத்தில் அனுப்ப வேண்டாம் என்று வடக்கு அரசு மாநில ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டது.

கந்தலும் முதலில் வடக்கில்தான் தலைகாட்டியது. நியூயார்க் மாநிலம் தன் தொண்டர் படைக்காக 12,000 உடைகளை புரூக்ஸ் பிரதர்ஸிடம் வாங்கியது. பழைய கம்பளியைக் கிழித்து அரைத்து மறுபடி அழுத்திச் செய்த துணி அது. மழையில் நனைந்ததும் தையல் விட்டுப் பிரிந்தது. பெரிய ஊழலாகப் பேசப்பட்டாலும் வடக்கு சீக்கிரமே சமாளித்துக்கொண்டது. நெசவாலைகள் அங்கே இருந்தன, தையல் எந்திரங்கள் இருந்தன, வழங்கல் துறைத் தலைவர் மாண்ட்கோமரி மெய்க்ஸைப் போன்ற கணக்குப்புலி ஒருவரும் இருந்தார். 1862 முடிவதற்குள் வடக்குச் சிப்பாயின் உடை ஏறக்குறைய ஒரே அச்சுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே நீட்டி எழுத ஒன்றுமில்லை.

தெற்கின் சிக்கல், முதலில் எடுத்த முடிவிலேயே இருந்தது. பிரிந்துபோன தெற்கு மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பு அரசு உடை கொடுக்கவில்லை, பணம் கொடுத்தது. ஒவ்வொருவரும் தன் உடையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆறு மாதத்துக்கு 25 டாலர் வீதம் அரசு தரும். காகிதத்தில் சிக்கனமாகத் தெரிந்த இந்த ஏற்பாடு, பக்கத்து ஊரில் துணி கிடைத்தவரை ஓடியது. அம்மாவும் அக்காவும் தைத்தார்கள்; மாதர் சங்கங்கள் காலுறை பின்னி அனுப்பின. போர் நீண்டு, ஊர் தொலைவாகி, டாலரின் மதிப்பும் விழுந்ததும் முறை பல்லிளித்தது. 1862 செப்டம்பரில் தெற்குத் தளபதி ராபர்ட் லீயின் படை பொடோமக் ஆற்றைக் கடந்து மேரிலாந்துக்குள் நுழைந்தபோது ஊர்க்காரர்கள் பார்த்தது இந்த முறையின் முடிவைத்தான். அழுக்கும் கிழிசலுமாக, கணிசமானோர் வெறுங்காலோடு போனதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். சரளைக்கல் சாலையில் நடக்க முடியாமல் ஆயிரக்கணக்கானோர் பின்தங்கினார்கள். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி கிடங்கைக் கைப்பற்றிய, லீயின் தளபதிகளில் ஒருவரான ஏ.பி. ஹில்லின் ஆட்கள் அங்கே கிடைத்த நீலச் சட்டைகளை மாட்டிக்கொண்டு, செப்டம்பர் 17 மாலை ஆன்டீடம் களத்துக்கு வந்தார்கள். எதிரே இருந்தவர்கள் சுடுவதா வேண்டாமா என்று தடுமாறினார்கள். கந்தல் படிமத்துக்கான சாட்சியங்களில் கனமானவை பலவும் இந்தச் சில வாரங்களைச் சேர்ந்தவை. அடுத்த மாதமே, அக்டோபர் 8 அன்று, பணம் கொடுக்கும் முறையை ஒழித்துச் சட்டம் வந்தது. உடை கொடுப்பது அரசின் வேலையாயிற்று. இந்தத் தேதியைக் கவனிக்காமல் 1862-இன் சாட்சியங்களை 1864-க்கும் நீட்டுவதால்தான் பாதிக் குழப்பம்.

அதன்பிறகு ரிச்மண்ட், ஜார்ஜியாவின் கொலம்பஸ், அட்லாண்டா போன்ற ஊர்களின் கிடங்குகள் தொழிற்சாலைகளாயின. ரிச்மண்டில் தேர்ந்த வெட்டுக்காரர்கள் துணியை அளவுப்படி வெட்ட, ஆயிரக்கணக்கான பெண்கள், அவர்களில் சிப்பாய்களின் மனைவிமார் பலர், மூட்டையாக வாங்கிப்போய் வீட்டில் தைத்துக்கொண்டு வந்து கூலி பெற்றார்கள். அவர்கள் தைத்த சட்டை ஒன்றை விரித்து வைத்துப் பார்த்தால் அந்த அரசின் நிலைமையை அதிலேயே படிக்கலாம். 1861 ஜூனில் வெளியிட்ட விதிப்படி அது இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த, தொடை வரை நீண்ட அங்கியாக இருக்க வேண்டும். வந்ததோ இடுப்போடு நின்றுவிடும் குட்டைச் சட்டை, முன்னால் ஒற்றை வரிசைப் பொத்தான். கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டதில் துணி மிச்சம். பாவு பருத்தி, ஊடை கம்பளி. ஆடு குறைந்த நாட்டில் கம்பளியை இப்படித்தான் இழுத்துப்பிடிக்க முடியும். உள்ளே சொரசொரப்பான வெள்ளைப் பருத்தித் துணியில் அஸ்தர். பித்தளைப் பொத்தான் கிடைக்காதபோது மரத்திலோ எலும்பிலோ கடைந்த பொத்தான். நிறம் சாம்பல் என்று பேர். கருநீலத்துக்கு வேண்டிய அவுரிச் சாயம் அன்று உலகச் சந்தைக்கு முக்கியமாக வங்காளத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. முந்தைய நூற்றாண்டில் தென் கரோலினாவே அவுரி விளைத்த நாடு. பருத்தியில் காசு கண்டதும் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே மரப்பட்டை, கொட்டைத்தோல் சாயங்களோடு அன்னபேதி கலந்து தோய்த்தார்கள். கிடங்கை விட்டுப் போகும்போது சாம்பலாக இருந்தது சில மாத வெயிலில் பழுப்பாயிற்று. இன்று அருங்காட்சியகங்களில் பழுப்பாகத் தொங்கும் சட்டைகளில் எத்தனை பிறக்கும்போதே பழுப்பு, எத்தனை வெயிலில் வெளிறியவை என்று சேகரிப்பாளர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். நம் வாதத்துக்கு அது முக்கியமில்லை. நிறம் போன சட்டை கந்தலாகிவிடாது. ஆனால் தூரத்திலிருந்து பார்த்து நாட்குறிப்பு எழுதியவருக்கு அழுக்குப் பழுப்பெல்லாம் கந்தலாகத் தெரிந்திருக்கலாம்.

கடல்வழியாகவும் துணி வந்தது. வடக்கின் கடற்படை முற்றுகையைத் தாண்டி, பெர்முடாவிலிருந்தும் பஹாமாஸ் தீவுகளின் நாசோவிலிருந்தும் வட கரோலினாவின் வில்மிங்டன் துறைக்குக் கப்பல்கள் ஓடின. இங்கிலாந்தின் நீலச்சாம்பல் கம்பளி முதலில் பேல் பேலாக வந்தது. போரின் கடைசிக் குளிர்காலத்தில் அயர்லாந்தின் லிமரிக் நகரில் பீட்டர் டெய்ட்டின் ஆலை தைத்த ஆயத்தச் சட்டைகளும் வந்தன. 1863 செப்டம்பரில் சிக்கமௌகா போருக்கு வர்ஜீனியாவிலிருந்து ரயிலில் வந்திறங்கிய, லீயின் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் ஆட்கள் புத்துடையில் இருந்தார்கள். அதன் நிறத்தைப் பார்த்து எதிரிகள் குழம்பினார்கள். தோற்கப்போகிற ஏழைப் படை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் படை அது. தெற்கின் வழங்கல் துறைத் தலைவர் அலெக்ஸாண்டர் லாட்டன் 1865 தொடக்கத்தில் கொடுத்த கணக்கில், முந்தைய அரையாண்டு வாக்கில் லீயின் படைக்குக் கொடுத்த மேற்சட்டைகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். கால்சட்டை அதையும் தாண்டும். சப்பாத்து ஒன்றரை லட்சம் ஜோடிக்கு மேல். அந்தப் படையின் அன்றைய பலத்தோடு ஒப்பிட்டால் தலைக்கு ஒரு சட்டைக்குக் குறையாமல் வருகிறது.

காகிதக் கணக்கை நம்பலாமா என்று கேட்பது நியாயம். பதவியில் இருப்பவர் தன் துறையைக் காப்பாற்ற எழுதிய கணக்கு அது. மிஞ்சியிருக்கும் சட்டைகளைச் சாட்சிக்கு அழைத்தாலும் ஓட்டை உண்டு. கிழிந்ததை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. கடைசி மாதம் வாங்கி அணியாத புதுச்சட்டைதான் பேரன் கைவரை வந்து சேரும். ஆகவே யாரும் தேர்ந்தெடுத்து வைக்காத சாட்சி வேண்டும். அது கேமராவிடம் இருக்கிறது. 1865 ஏப்ரல் 3 அன்று, வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் அரண்கள் விழுந்த மறுநாள், அவற்றில் ஒன்றான ஃபோர்ட் மஹோனின் அகழிகளில் இறந்து கிடந்த தெற்குச் சிப்பாய்களை தாமஸ் ரோஷ் படமெடுத்தார். பத்து மாத முற்றுகைக்குப் பின், லீயின் படை சரணடைவதற்கு ஆறு நாள் இருக்கையில், எடுத்த படங்கள். சேறு அப்பிக் கிடக்கிறார்கள்; ஆனால் உடலில் கனத்த கம்பளி உடை இருக்கிறது, பக்கத்தில் போர்வை கிடக்கிறது. கிழிசலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் பிடிபட்டு, கட்டைக்குவியல் அருகில் நிற்கும் மூன்று கைதிகளின் புகழ்பெற்ற படமும் இதையே காட்டுகிறது. மூவருக்கும் தொப்பி உண்டு, முழு உடை உண்டு, நிமிர்ந்த நிலையும் உண்டு. ஒரு படம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் கணக்கும் சட்டையும் படமும், ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைத்துக்கொண்டு, ஒரே பக்கம் சாய்கின்றன.

அப்படியானால் சிப்பாய்களின் கடிதங்களில் வரும் வெறுங்கால் பொய்யா? இல்லை. சட்டை விஷயத்தில் வென்ற தெற்கு காலணியில் தடுமாறிக்கொண்டே இருந்தது. துணியை வீட்டிலும் நெய்யலாம். தோலைப் பதனிடப் பல மாதம் வேண்டும், தேர்ந்த சப்பாத்துத் தொழிலாளி வேண்டும், அவர்களில் பலர் படையில் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். நாளெல்லாம் நடக்கிற காலில் அவசரத் தோலில் தைத்த சப்பாத்து சீக்கிரம் வாய் பிளக்கும். 1863-64 குளிர்காலத்தில் கிழக்கு டென்னசி மலைகளில், அந்தப் புத்துடை போட்ட அதே லாங்ஸ்ட்ரீட்டின் ஆட்கள், அறுத்த மாட்டின் பச்சைத்தோலை மயிர்ப்பக்கம் உள்ளே வைத்துக் காலில் கட்டிக்கொண்டு பனியில் நடந்தார்கள். செப்டம்பரில் புதுச்சட்டை, டிசம்பரில் பச்சைத்தோல்: இடையில் கிடங்குகள் காலியாகிவிடவில்லை, கிடங்குக்கும் மலைக்கும் நடுவே ஒழுங்கான ரயில்பாதை இல்லை. தெற்கில் தண்டவாளத்தின் அகலமே கம்பெனிக்குக் கம்பெனி மாறியது; சில நகரங்களில் ஒரு பாதையின் கடைசி நிலையத்துக்கும் அடுத்த பாதையின் முதல் நிலையத்துக்கும் வண்டி கட்டித்தான் சரக்கைக் கொண்டுபோக வேண்டும். போதாததற்கு மாநிலங்கள் பதுக்கின. வட கரோலினா ஆளுநர் ஸெபுலன் வான்ஸ் தன் மாநில ஆலைகளின் துணியைத் தன் மாநிலப் படைக்கே என்று நிறுத்திவைத்தார். போர் முடிந்தபோது 92,000 சீருடைகள் கையிருப்பில் இருந்ததாகப் பின்னாளில் அவரே பெருமையாகச் சொன்னார். வேறு மாநிலத்துப் பையன் வெறுங்காலோடு நின்றபோது அவை யாருக்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

வடக்கின் தளபதிகளுக்குத் தெற்கின் துணி எங்கிருந்து வருகிறது என்பது நன்றாகவே தெரியும். 1864 ஜூலையில் அவர்களில் ஒருவரான ஷெர்மனின் குதிரைப்படை ஜார்ஜியாவின் ராஸ்வெல் ஊரை அடைந்தபோது, அங்கே ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் பிரெஞ்சுக் கொடி பறந்தது; ஆலையில் பங்குள்ள பிரெஞ்சுக்காரர் ஒருவர் நாங்கள் நடுநிலை என்றார். தறியில் கூட்டமைப்பு அரசுக்கான துணி. ஆலைகளைக் கொளுத்தினார்கள். வேலை செய்த சுமார் 400 பேர், பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும், தேசத் துரோகக் குற்றத்தின் பேரில் கைதாகி, ரயிலேற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. படைக்குத் துணியே கிடையாது என்றால் நூற்கும் சிறுமிகளை நாடு கடத்த வேண்டிய அவசியம் என்ன?

தனிச் சாமான்கள் விஷயத்திலும் இல்லாமையைப் போலத் தெரிவதில் பாதி, சிப்பாயே செய்துகொண்ட தேர்வு. ரிச்மண்ட் பீரங்கிப் பிரிவில் இருந்த கார்ல்டன் மெக்கார்த்தி 1882-இல் வெளியிட்ட நூலில் இதை ஒளிக்காமல் சொல்கிறார். 1861-இல் கனத்த பூட்ஸ், மேல்கோட்டு, துணிமணி அடைத்த முதுகு மூட்டை, சமையல் பாத்திரம் என்று கிளம்பியவர்கள், ஒவ்வொன்றாகச் சாலையோரம் எறிந்தார்கள். பூட்ஸ் போய்ச் சப்பாத்து வந்தது. மூட்டை போய்ப் போர்வைச் சுருள் வந்தது. மாற்றுச் சட்டையைத் துவைத்துச் சுமப்பதைவிட, இருப்பது நைந்ததும் புதியது வாங்கிக்கொள்வது லேசு. நாற்பது தோட்டா அடங்கிய பெட்டியைக்கூடச் சிலர் விட்டுவிட்டுத் தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டார்கள். வடக்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் இதையேதான் செய்தார்கள். வசந்தகாலப் படையெடுப்பு தொடங்கிய முதல் வெயிலில் அவர்கள் எறிந்த மேல்கோட்டுகள் சாலை நெடுகக் கிடக்கும். அதைத் தெற்குச் சிப்பாய் பொறுக்கிக்கொள்வான், முக்கியமாக ரப்பர் பூசிய விரிப்பையும் தண்ணீர்க் குப்பியையும். இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு. 1865 மார்ச்சில் கரோலினாக்களின் சதுப்பைக் கடந்து கோல்ட்ஸ்பரோவுக்கு வந்துசேர்ந்த ஷெர்மனின் படை, நாட்டின் மொத்த ஆலைகளும் பின்னால் இருந்த படை, கிழிந்த உடையோடும் ஆயிரக்கணக்கான வெறுங்கால்களோடும் வந்தது. வென்றவனின் கந்தல் அது. அதை யாரும் காவியமாக்கவில்லை. தொலைவு நடந்தார்கள், உடை கிழிந்தது என்பதோடு கதை முடிந்தது.

தோற்றவனின் கந்தலுக்கு மட்டும் அர்த்தம் ஏறியது. சரணடைந்த மறுநாள் லீ தன் படைக்கு வெளியிட்ட விடைபெறும் ஆணையில், எதிரியின் எண்ணிக்கையும் வளமும் மிகுந்ததால் பணிய நேர்ந்தது என்று காரணம் சொன்னார். அடுத்த ஐம்பதாண்டு தெற்கில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை. வளம் இல்லாமல் தோற்றோம் என்றால் வீரத்தில் குறையில்லை, தலைமையில் குறையில்லை, எதற்காகப் போரிட்டோம் என்ற கேள்விக்கும் போக வேண்டியதில்லை. கிழிந்த கால்சட்டை அதற்குக் கண்கண்ட சாட்சியாக நின்றது. வடக்கும் இந்தப் படிமத்தை விரும்பாமலில்லை. வின்ஸ்லோ ஹோமர் 1866-இல் வரைந்த போர்க்கைதிகள் ஓவியத்தில் தெற்கின் மூவரில் ஒரு கிழவர் பழுப்புக் கந்தலில் நிற்கிறார். இரக்கப்படுவதும் வென்றவர்களுக்கு இதமாகத்தான் இருந்திருக்கும். இங்கே ஒரு மறுப்பு எழலாம்: கந்தல் அவ்வளவு வேண்டியிருந்தது என்றால், தெற்கின் ஊர்ச் சதுக்கங்களில் நிற்கும் சிலைகளில் சிப்பாய் ஏன் பொத்தான் பூட்டி விறைப்பாக நிற்கிறான்? ஒரு காரணம் வியாபாரம். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் துத்தநாகச் சிலை வார்த்த கம்பெனி, ஏறக்குறைய ஒரே வீரனைச் சிறு மாற்றங்களோடு இரு தரப்புக்கும் விற்றது. மற்றொரு காரணம், சிலை சொல்லும் வேலையும் மேடைப் பேச்சு சொல்லும் வேலையும் வேறு. மேடையில் கந்தல் தியாகத்தைச் சொல்லும். பீடத்தில் முழுச் சீருடை மானத்தைச் சொல்லும். ஒரே விழாவில் இரண்டும் நடந்தன, யாருக்கும் முரணாகப்படவில்லை.

கந்தல் கதை மறைத்தது இன்னும் ஒன்றை. மாநில உரிமை பேசிப் பிரிந்த அரசு, துணிக்காகத் தனியார் ஆலைகளின் உற்பத்தியில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது, லாபத்துக்கு வரம்பு கட்டியது, ஆள் சேர்ப்புச் சட்டத்தைக் காட்டித் தொழிலாளிகளைத் தன் பிடியில் வைத்தது. டெக்சாஸின் ஹன்ட்ஸ்வில் சிறையில் கைதிகள் படைக்குத் துணி நெய்தார்கள். தோல் பதனிடுவதிலும் தோட்டங்களின் தறிகளிலும் அடிமைகளின் உழைப்பு இருந்தது. போருக்கு முன் அடிமைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கொடுத்துவந்த முரட்டுத் துணியில் பெரும்பங்கு வடக்கின் ரோட் ஐலண்ட் ஆலைகளில் நெய்து வந்தது. போர் அந்த வரத்தை நிறுத்தியது, உள்ளூர்த் துணி படைக்குப் போயிற்று. கூட்டமைப்பின் எல்லைக்குள் ஆண்டுக்கணக்கில் மாற்றுத்துணி இல்லாமல் இருந்தவர்கள் அந்த அடிமைகளே. வடக்குப் படையின் முகாம்களுக்குத் தப்பி வந்தவர்கள் உடுத்த ஒன்றும் இல்லாமல் வந்தார்கள்; உதவிச் சங்கங்கள் பீப்பாய் பீப்பாயாகப் பழந்துணி அனுப்பின. வாஷிங்டனில் 1862-இல் அப்படியொரு சங்கத்தைத் தொடங்கியவர் எலிசபெத் கெக்லி, அடிமையாகப் பிறந்து ஊசியால் சம்பாதித்துத் தன் விடுதலையை வாங்கியவர். அப்போது அவர் அதிபர் லிங்கனின் மனைவிக்கு உடை தைத்துக்கொண்டிருந்தார். போருக்கு முந்தைய குளிர்காலத்தில் அவர் தைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர், கூட்டமைப்பின் தலைவராகப் போகிற ஜெஃபர்சன் டேவிஸின் மனைவி.